புரட்டாமல் விட்ட பக்கம்

எங்கள் பியானோவின் அடிப்பலகைக்குள் எப்போதும் ஒரு சிறிய குண்டு பல்பு எரிந்துகொண்டிருக்கும். கல்பாக்கம் குடியிருப்பில் கடல் காற்று ஜன்னல் கம்பியையே தின்றுவிடும். உள்ளிருக்கும் தந்திகள் துருப்பிடிக்காமலிருக்க அந்தச் சூடு வேண்டும் என்று சுருதி சேர்க்க வந்தவர் சொல்லியிருந்தார். அப்பா அந்தப் பியானோவை எனக்காகத்தான் வாங்கினார். அப்போது எனக்குப் பத்து வயது, தங்கைக்கு ஆறு. ஒரு வாரமாக நான் தட்டித் தடவிக்கொண்டிருந்த பாடத்தை, ஒருநாள் மாலை நான் தண்ணீர் குடிக்க எழுந்துபோன நேரத்தில், அவள் ஸ்டூலில் மண்டியிட்டு முழுதாக வாசித்தாள். பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அம்மா, "இப்பத்தாண்டி சரியா வருது!" என்று என் பெயரைச் சொல்லிப் பாராட்டினாள். நான் கையில் தம்ளருடன் கதவோரம் நின்றிருந்தேன்.

அன்றிலிருந்து அது அவளுடைய பியானோ. பன்னிரண்டு வயதில் செங்கல்பட்டில் ஒரு தேவாலயத்தில் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு வாசித்தாள். பதினான்கில் மாமல்லபுரம் கடற்கரை விடுதி ஒன்றில் சனிக்கிழமை மாலைகளில். பள்ளி நோட்டின் பின்பக்கங்களில் கோடு கிழித்துச் சொந்தமாக இசை எழுதவும் தொடங்கினாள். நான் பொத்தேரியில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். உறவினர்கள் என்னைப் பார்த்தால், "தங்கச்சி இப்ப என்ன வாசிக்கிறா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

அவளுடைய பதினாறாவது வயதில், அதே விடுதியின் அரங்கில் ஒரு மதியக் கச்சேரி. வெளிநாட்டு இசைக்கல்லூரிப் பேராசிரியை ஒருவர் மாணவர்களைத் தேர்ந்தெடுக்க வந்திருந்தார். கடைசியாகத் தங்கை தான் எழுதியதை வாசிக்க வேண்டும். முந்தின வாரம்தான் எழுதி முடித்திருந்தாள், மனப்பாடம் ஆகவில்லை. பக்கம் புரட்ட நான் அருகில் உட்கார்ந்தேன்.

அவள் தலையசைத்தாள், புரட்டினேன். இரண்டு தாள்கள் சேர்ந்து போயின. அது தெரியாமல் நடந்ததுதான். ஆனால் அடுத்த கணமே தெரிந்துவிட்டது. விடுபட்ட தாளின் ஓரம் என் விரலிடுக்கிலேயே இருந்தது. திருப்பிப் போட ஒரு நொடி போதும். போடவில்லை. ஒரே ஒருமுறை அவள் தடுமாறிப் பார்க்க வேண்டும் என்று இருந்தது எனக்கு.

அவள் தடுமாறவில்லை. தாளில் இல்லாத எதையோ வாசித்துக்கொண்டே போய், கண்ணெதிரே இருந்த பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டாள். ஒரு நிமிடம் ஆகியிருக்கலாம்.

எங்களை அழைத்து வந்து, அரங்கின் கடைசியில் நின்று கேட்டிருந்த வேன் டிரைவர் அண்ணன் திரும்பும் வழியில், "நடுவுல ஒண்ணு வாசிச்சியே பாப்பா, அது இன்னா? எனுக்கு ஒண்ணும் புரில. ஆனா வெளிய வண்டி நிக்கிறதே மறந்துபோச்சு" என்றார். பேராசிரியையும் அந்த இடத்தைத்தான் சொன்னாராம்: மற்றதெல்லாம் நீ கற்றது, அது மட்டும் நீ. அவள் தேர்வானாள். "தாள் ஈரத்துல ஒட்டிக்கிச்சுடி" என்றேன். தலையாட்டினாள்.

விமானம் ஏறும்வரை அந்த ஒரு நிமிடத்தைத் தேடினாள். அரங்கில் கைபேசிகளை அணைக்கச் சொல்லியிருந்ததால் யாரிடமும் பதிவு இல்லை. பியானோவில் நான்கைந்து சுரங்கள் வரும், நிற்கும், மறுபடி முதலிலிருந்து வரும். அறைக் கதவைச் சாத்திக்கொண்டாலும் கேட்கும். அவள் போய், பியானோவையும் விற்ற பிறகு, அந்த வெறும் சுவரருகே போகும்போதெல்லாம் எனக்குக் கேட்டது. நின்றுபோகும் அந்த இடம்வரை மட்டும்.

இப்போது அவள் பெரிய அரங்குகளில் வாசிக்கிறாள். எல்லாம் பிறர் எழுதியவை. அதன்பின் அவள் ஒரு வரிகூட எழுதவில்லை.

சென்ற மாதம் நாவலூரில் என் வீட்டுக்கு வந்திருந்தாள். காலைக் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். "அன்னிக்குத் தாள் ஒட்டலடி. தெரிஞ்சேதான் விட்டுட்டேன்."

"தெரியும்க்கா. உன் விரலப் பாத்துக்கிட்டேதான் வாசிச்சேன்."

அவள் முகத்தில் கோபத்தைத் தேடினேன். இல்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அத விடு. எனக்கு ரொம்பப் பக்கத்துல இருந்தவ நீதான். எப்படிப் போச்சுக்கா அது? ஒரு வரியாவது பாடிக் காட்டேன்."

வாயைத் திறந்தேன். அரங்கின் கடைசி வரைக்கும் கேட்டிருக்கிறது அது. அவள் விரல்கள் எப்போது நிற்கும் என்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மட்டும் ஒன்றுமே கேட்டிருக்கவில்லை.