சந்தனப் பொட்டு வைத்த பாறைகள்

ஆயுத பூஜைக்கு எங்கள் மயிலாப்பூர் வீட்டில் கத்திரிக்கோல் முதல் ஸ்கூட்டர் வரை எல்லாமே குளிக்கும். போகட்டும். இந்த முறை என் மைத்துனன், அக்காவின் கற்களையும் குளிப்பாட்டிவிட்டான்.

அவன் அக்கா, அதாவது என் மனைவி, பாறைகளின் காந்தத்தை ஆராய்பவள். எரிமலைக் குழம்பு ஆறி இறுகும்போது அன்றைய வடக்கைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். அதை அளந்துதான் மடகாஸ்கரை விட்டு நம் நிலம் எப்போது பிரிந்தது என்று கணக்கிடுவார்கள். ஆனால் வெட்டி எடுக்கும் முன் கல் எந்தத் திசை பார்த்துக் கிடந்தது என்று தெரிந்தாக வேண்டும். அதற்காக மங்களூருக்கு அப்பால், மேற்குக் கடலோரத் தீவொன்றில், கொளுத்தும் வெயிலில் மண்டியிட்டு, கல்லுக்குக் கல் அம்புக்குறி போட்டிருந்தாள். அவன் அத்தனையையும் அம்பு அழியச் சோப்பு போட்டுத் தேய்த்து, சந்தனப் பொட்டு வைத்திருந்தான்.

"இதுக்குப் போய் ஏன் மாமா இப்படிக் கத்துறீங்க? மறுபடி ஒரு அம்பு போட்டா போச்சு. வடக்கு ராயப்பேட்டை பக்கம்தானே?"

கோடிக்கணக்கான ஆண்டுகள் மறக்காமல் இருந்த கல்லுக்கு இவன் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கிறான்! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

மனைவி அவன் கையிலிருந்த மார்க்கரைப் பிடுங்கினாள். பிறகு மங்களூர் ரயிலுக்கு இரண்டு டிக்கெட் போட்டாள்.

"மாமாவும் வர்றாராக்கா?"

"நீ வர்றே. கல்லைத் தூக்க ஆள் வேணும்."