ஃபியூஸைப் போக்குனது யாருங்க?

இன்று ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கும் பஸ்ஸில் ஸ்டீபனைப் பார்த்தேன். பள்ளியில் என் வகுப்பு. பார்த்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது.

என்னைக் காட்டித் தன் மனைவியிடம், "ஆண்டு விழா நாடகத்தையே இருட்டாக்குனவங்க இவங்கதான்" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எண்பதுகளின் கடைசி அது. இயற்பியல் வாத்தியார் எங்கள் இருவருக்கும்தான் மேடை விளக்கு கற்றுக்கொடுத்தார். விளக்கை நேராக அடித்தால் முகம் தட்டையாகத் தெரியும், இரண்டு பக்கமிருந்தும் சாய்த்து அடிக்க வேண்டும். டிம்மரில் வெளிச்சத்தை மெதுவாகக் கூட்ட வேண்டும். தலைச்சோலை என்ற மலைக்கிராமத்திலிருந்து நடந்து வந்து படித்த எனக்கு, நானே பொழுதை விடியவைப்பது போலிருந்தது.

விழாவன்று ஸ்டீபன் என்னைத் தள்ளிவிட்டு எல்லா விளக்கையும் ஒன்றாகப் போட்டான். ஃபியூஸ் போனது.

ஓடிவந்த வாத்தியாரிடம், "இவதான் சார்" என்றான்.

"பொட்டப்புள்ள கையில குடுத்தது என் தப்பு" என்றார் அவர். அதன்பின் என்னை விளக்குப் பக்கமே விடவில்லை.

இன்று பஸ்ஸே கேட்கும்படி கேட்டேன். "ஏனுங்க ஸ்டீபன், அத்தன சுவிட்சையும் ஒண்ணாப் போட்டது யாருங்க?"

"அட, அது சின்ன வயசு சமாச்சாரமுங்க."

"எனக்கும் அதே வயசுதானுங்க."

அவன் மனைவி அவனையே பார்த்தார். அடிவாரம் வரை அவன் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை.

சற்று முன் முகநூலில் எனக்கு நட்பு அழைப்பு அனுப்பியிருக்கிறான். ஏற்பதா என்று உங்களைக் கேட்க நினைப்பதற்குள் என் விரல் அதை நீக்கிவிட்டது. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?