காருக்கு ஒரு மிதப்பு

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளைப் பெற்று, வளர்த்து, ஆளாக்கினேன். எதிலும் ஒத்துப்போகாத அந்த ஐந்து பேரும் ஒரே ஒரு விஷயத்தில் ஒன்று சேர்ந்தார்கள். கொட்டகையில் நிற்கும் காரை விற்றுத் தள்ளிவிட வேண்டும் என்பதுதான் அது.

சிவப்புக் கார். இரண்டே பேர்தான் உட்காரலாம். கூரை கிடையாது, மழை வந்தால் இழுத்துப் போர்த்த ஒரு துணி உண்டு. துறைமுகத்தில் கப்பல் கம்பெனி வைத்திருந்த துரை ஒருவர், வேகமாக ஓட்டும் ஆசையில் சீமையிலிருந்து இறக்கியது. என் வீட்டுக்காரர் அவருக்கு டிரைவர். துரை ஊரைவிட்டுப் போகும்போது சாவியை இவர் கையில் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறிவிட்டார். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குக் கோயிலுக்கு நானும் அவரும் அதில்தான் போவோம். தெருவே வாசலுக்கு வந்து பார்க்கும். நான் யாரையும் திரும்பிப் பார்க்க மாட்டேன். அவர் காலமான பிறகு காரை ஓட்ட ஆள் இல்லை.

மூத்த பேத்திக்கு நிச்சயம் செய்ய, இங்கே பக்கத்தில் இருக்கிற நாசரேத் ஊரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் பெரிய டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் நடந்து வந்தால் நாற்காலிகூட வரிசையில் நிற்கும். சாப்பிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போனவர் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன மைனி, கோழிக்குக் கார் வாங்கிப் போட்டிருக்கியளோ?"

சீட்டில் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது உண்மைதான். ஆனால் அது அடுத்த வீட்டுக் கோழி. அதைச் சொல்வதற்குள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நான் பெற்றவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"கல்யாணத்தன்னைக்குப் பாருங்க மைனி. பொண்ணு கோயில் வாசல்ல இந்தக் கார்லதான் வந்து எறங்குவா" என்று சொல்லிவிட்டேன்.

பேத்தியின் முகம் வெளுத்துப் போனது. ஆனால் சபையில் சொன்ன சொல்லை இனி எப்படி விழுங்குவது? அன்று மாலைக்குள் அது நாசரேத் போய்ச் சேர்ந்திருக்கும்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். என் வீட்டுக்காரரிடம் வண்டி ஓட்டப் பழகியவன். இப்போது அவனே பேரன் எடுத்துவிட்டான். பேட்டரி மாற்றி, துடைத்து, தட்டி, எப்படியோ எஞ்சினை உறும வைத்தான். எனக்குக் கண் கலங்கியது. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் காருக்கு அடியில் பெட்ரோல் ஓடுகிறது.

"ஆச்சி, இங்கன பாருங்க" என்று எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊட்டும் கார்புரேட்டருக்குள்ளிருந்து ஒரு பித்தளை டப்பியை எடுத்தான். மருந்து டப்பி அளவுதான் இருக்கும். மாடித் தண்ணீர்த் தொட்டியில் பந்து கிடக்கிறதே, அதே வேலைதான் இதற்கும். பெட்ரோல் போதுமான அளவு வந்ததும் மிதந்து மேலே போய் ஓட்டையை அடைக்க வேண்டும். இதிலோ கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழுந்து, உள்ளே பெட்ரோல் புகுந்து, முங்கிக் கிடந்தது. காதருகே ஆட்டினால் இளநீர் போலச் சத்தம் கேட்டது.

மஸ்கட்டிலிருக்கும் மகனிடம் போனில் சொன்னேன். அவன் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தான். சீமையில் கிடைக்கிறதாம். ஜோடியாகத்தான் தருவார்களாம். அந்த விலைக்கு ஒரு பிரிட்ஜ் வாங்கலாம். அதுவும் கல்யாணம் முடிந்து பேத்தி மறுவீடு வந்த பிறகுதான் வந்து சேருமாம்.

"எம்மா, ஒனக்கு இருக்க மிதப்புல கொஞ்சத்த எடுத்து அதுக்குள்ள போடு. காரு கப்பலாப் போவும்" என்றான்.

போனை வைத்துவிட்டேன். ஆனாலும் அவன் சொன்ன சொல்லில் ஒன்று பிடிபட்டது. மிதப்பு! மீன்பிடித் துறைமுகத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு மிதப்புக்காகச் சீமைக்குப் போவானேன்? ஆட்டோ பிடித்து வலைக்கடைக்குப் போனேன்.

"அண்ணாச்சி, மிதப்பு இருக்கா?"

"எத்தன வேணும் ஆச்சி?"

"ஒண்ணு."

"ஒண்ணா? எந்த வலைக்கு?"

"வலைக்கு இல்ல. காருக்கு."

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "காரைக் கடலுக்குள்ள ஓட்டப் போறியளோ?"

இதற்கெல்லாம் நின்று பதில் சொல்லும் ஆள் நான் இல்லை. பித்தளையில் வேண்டுமென்று நினைத்துக்கொண்டு, கப்பல் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். அங்கே நல்ல தமிழில், "மிதவை ஒன்று வேண்டும்" என்று கேட்டேன். கடைப் பையன் மரியாதையாகப் போனில் படம் காட்டினான். கடலில் கப்பலுக்கு வழிகாட்ட மிதக்கும் மிதவை. எங்கள் வீட்டு மாடிவரை உயரம். "லாரி நீங்க கொண்டு வருவீங்களா, நாங்க ஏற்பாடு பண்ணணுமா?" என்று கேட்டான்.

திரும்பவும் வலைக்கடைக்கே போனேன். சிரிக்காமல் இருந்தால் வாங்குகிறேன் என்று சொல்லி, தெர்மோகோலில் ஒன்று வாங்கினேன். கடலே அமுக்க முடியாத மிதப்பு. மெக்கானிக்கிடம் கொடுத்து, "இதச் செதுக்கிப் போடுலே" என்றேன். அவன் கிண்ணத்தில் பெட்ரோல் ஊற்றி அதைப் போட்டான். என் கண் முன்னாலேயே அது சுருங்கி, குழைந்து, ஆறிப்போன கஞ்சி மாதிரி அடியில் படிந்தது.

"இன்னொண்ணு போடட்டா ஆச்சி?"

"வாயை மூடு."

அன்று சாயங்காலம் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தால் அந்தக் கோழி திரும்பவும் சீட்டில் ஏறியிருந்தது. நாசரேத்துக்காரர்களுக்குக் கூலிக்கு வேலை பார்க்கிறதோ என்று தோன்றியது.

வாங்க முடியாவிட்டால் அடைக்கத்தான் வேண்டும். டப்பியை என் ரசச் சட்டியில் வெந்நீர் வைத்து அமுக்கினோம். ஓர் ஓரத்திலிருந்து பொடிப் பொடியாகக் குமிழி வந்தது, சங்கு குளிக்கிறவன் மூச்சு விடுகிற மாதிரி. இடம் தெரிந்துவிட்டது. மெக்கானிக் அங்கே ஒரு புள்ளி வைத்துக்கொண்டான். உள்ளே இருந்த பெட்ரோல் முழுதும் போகிறவரை சூட்டில் வைத்தும் வெயிலில் வைத்தும் எடுத்தோம். ரசம் மட்டும் ரொம்ப நாளைக்குப் பெட்ரோல் பங்க் வாசம் அடித்தது.

ஈயம் வைத்து அடைக்கலாம். ஆனால் ஒரு பொட்டு கூடினாலும் கனம் ஏறி மறுபடி முங்கிவிடும் என்றான் மெக்கானிக். கனம் பார்க்க வேண்டுமென்றால் எனக்குத் தெரிந்த இடம் ஒன்றுதான். எங்கள் நகை ஆசாரியிடம் போனேன்.

"ஆச்சி, இது பித்தளை" என்றார்.

"தெரியும்."

"இது தங்கம் தொடுத கை."

"எம் மூணு மகளுக்கும் தாலி செஞ்ச கை அது. மூணு பேரும் நல்லாத்தான இருக்காளுவ? அதே கையால இங்க ஒரு பொட்டு வையும்."

வைத்தார். அந்தக் காரில் கார்புரேட்டர் இரண்டு. ஆகவே மிதப்பும் இரண்டு. கையோடு கொண்டுபோயிருந்த நல்ல மிதப்பைத் தராசில் ஒரு தட்டிலும், இதை மறு தட்டிலும் வைக்கச் சொன்னேன். இது தாழ்ந்தது. ஈயத்தைச் சுரண்டினார். திரும்பவும் வைத்தார், திரும்பவும் சுரண்டினார். முள் நேராக நின்றபோது கடையில் நகை வாங்க வந்தவர்களும் சேர்ந்து மூச்சு விட்டார்கள். ரோஸ் காகிதத்தில் மடித்துக் கொடுத்து, "ஹால்மார்க் அடிக்கணுமா ஆச்சி?" என்றார்.

பெட்ரோல் வரும் ரப்பர்க் குழாயும் பழசாகி வெடிப்பு விட்டிருந்தது. அதற்குப் பதில் புதுசு ஒன்றைப் படகு எஞ்சின் கடையில் அளந்து வெட்டிக் கொடுத்தார்கள். எல்லாம் சேர்த்தும் பிரிட்ஜின் கதவு விலைகூட வரவில்லை.

கல்யாணத்தன்று பேத்தி பட்டும் முக்காடுமாகக் காரில் ஏறி உட்கார்ந்தாள். மெக்கானிக் புதுச்சட்டை போட்டு ஓட்ட உட்கார்ந்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு சீட்டுதான், எனக்கு இடம் இல்லை. இத்தனை நாளும் அந்தக் காரில் நான் போய் இறங்குவதைத்தான் மனத்தில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆட்டோவில் பின்னாலேயே போனேன். ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. கார் நின்றது. நின்றால்தானே பெட்ரோல் வழிகிறதா என்று தெரியும்! இறங்கி, பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குனிந்து காருக்கு அடியில் பார்த்தேன். தார் ரோடு காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு இல்லை. உப்பு லாரிக்காரன், "ஆச்சி, என்னத்தத் தொலைச்சிய?" என்று கத்தினான். "ஒண்ணும் தொலைக்கலலே" என்றேன்.

கோயில் வாசலில் சம்பந்தி அம்மாள் நின்றார். கார் உறுமிக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றது. பேத்தி இறங்கினாள். சம்பந்தி அவளைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டார். மூக்கைச் சுருக்கினார். என் பக்கம் திரும்பினார்.

"மைனி, பொண்ணு மேல பெட்ரோல் வாடை அடிக்கே!"

"அடிக்கட்டும் மைனி. கோழி வாடை அடிக்கலல்லா?"

முதலில் சிரித்தது அவர்தான். டீச்சர் அப்படிச் சிரித்து நாசரேத்தில் யாரும் பார்த்ததில்லையாம். விருந்து முடிந்ததும் என் காதருகே வந்து, ஒரு சுற்றுப் போய்வரலாமா என்று கேட்டார். மெக்கானிக் பக்கத்தில் ஏற்றி அனுப்பிவைத்தேன். யாரையும் திரும்பிப் பார்க்காமல் போனார்.

ஏளா, சின்னப் பேத்தி, நான் சொன்னது சொன்னபடிதானே எழுதியிருக்கிறாய்? முழுவதும் வேண்டாம். கோயில் வாசலில் நான் சொன்னதை மட்டும் வாசி. சத்தமாக வாசி, அடுத்த வீட்டுக்கும் கேட்கட்டும், கோழி அவர்களுடையதுதானே.