காப்பு கட்டாத கை

"காப்பு கட்டாம பம்பையைத் தொடக் கூடாது. தொட்டா குத்தம்!"

போன வெள்ளிக்கிழமை, கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் ஆடிக் கூழ் ஊற்றும் திருவிழா. சொன்னவர் விழா கமிட்டித் தலைவர் — உறவில் எனக்கு மாமா. கோபத்துக்குக் காரணம், நான் எழுதும் இந்தப் பத்திதான்! சாமி நம்பிக்கை போய்விட்டது என்று கொஞ்ச நாள் முன்பு இங்கே எழுதினேன் இல்லையா? மாமா அதை ஒரு வரி விடாமல் படித்திருக்கிறார்.

நம்பிக்கை போனதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. ஒரு பௌர்ணமிக்குக் கிரிவலம் போனேன். வேண்டிக்கொள்ள ஒன்றுமே தோன்றவில்லை. மலை அழகாக இருந்தது... அவ்வளவுதான். அதற்குப் பிறகு கும்பிடுவது நின்றுவிட்டது.

ஆனால் பம்பை? இடுப்பில் அந்த இரட்டை மேளம் இல்லாமல் நான் யார்? செங்கம் ரோடு கஃபேயில் வாசிக்கும்போது வெளிநாட்டுக்காரர்கள் கேட்பார்கள், "கடவுளை உணர்கிறீர்களா?" முதுகு வலியை உணர்கிறேன் என்பேன். சிரிப்பார்கள். நான் உண்மையைத்தான் சொல்கிறேன்.

மாமா கொஞ்சம் இறங்கி வந்தார். "சும்மா பேருக்கு அந்த மஞ்சக் கயித்தைக் கட்டிக்கடா. யாரு கேக்கப் போறா?"

"நம்பாம கட்டிக்கிட்டா பொய்யாயிடும் மாமா. அது மட்டும் குத்தம் இல்லையா?"

"அப்போ ஓரமா நில்லு!"

நின்றேன். அவமானமாக இருந்தது, மறைப்பானேன்? வருஷா வருஷம் அடித்த இடத்தில் வேடிக்கை பார்க்க நிற்பது லேசா என்ன?

எனக்குப் பதிலாக வெளியூர் பம்பை செட் வந்திருந்தது. நன்றாகவே அடித்தார்கள். கரகம் ஜோடித்து ரெடி. அம்மன் வந்து உத்தரவு கொடுத்தால்தான் அதைத் தூக்கலாம். எங்கள் ஊரில் அம்மன் வருவது சரசக்கா மேல்தான். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர். அக்கா கண்ணை மூடி நின்றார். கற்பூரம் எரிந்து அணைந்தது. இன்னொன்று ஏற்றினார்கள். ம்ஹூம்... சொம்போடு கூழுக்கு நின்ற கூட்டம் முணுமுணுக்க ஆரம்பித்தது.

அக்கா கண்ணைத் திறந்தார். நேராக என்னிடம் வந்தார்.

"இன்னாடா வேடிக்கை பாக்குற? எட்றா பம்பைய!"

"அக்கா, கையில காப்பு இல்லியே..."

"காப்பு என் கையில கீது. நீ அடி!"

அடித்தேன். ஆத்திரம், அவமானம் எல்லாம் சேர்த்து அடித்தேன். கொஞ்ச நேரத்தில் அக்காவின் தோள் குலுங்கியது. "ஆத்தா வந்துட்டா!" என்று கூட்டம் கத்தியது.

மாமா விடுவாரா? அம்மனிடமே முறையிட்டார். "ஆத்தா, நம்பிக்கை இல்லாதவன் அடிக்கிறான். குத்தம் இல்லையா?"

"கூப்ட்டான், வந்தேன். நடுவுல உனக்கு இன்னாடா?"

கரகம் கிளம்பியது.

மறுநாள் மாமா போன் பண்ணினார். "இப்பவாச்சும் நம்புறியா?"

இல்லை மாமா. சரசக்காவை நம்புகிறேன். என் பம்பையை நம்புகிறேன். அடுத்த ஆடிக்கும் கயிறு கட்டாமல்தான் வருவேன். ஓரமாகவும் நிற்க மாட்டேன்.

அம்மனே என்னிடம் கேட்காத கேள்வி... கமிட்டிக்கு எதுக்கு?