காரவள்ளியில் நிற்காமல் ஏறிய பஸ்

பழைய கைபேசி ஒன்றை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை. திரை நெடுக விரிசல். காலையில் சார்ஜ் போட்டால் மதியத்துக்குள் அணைந்துவிடும். அதில் இருக்கும் ஒரு குரல்பதிவுக்காகத்தான் வைத்திருக்கிறேன். பின்னால் சேவல் ஒன்று கூவிக்கொண்டிருக்க, ஒரு பெண்குரல் நிதானமாகச் சொல்லும்: "ஏனுங்க, என்ற பஸ்ஸு மலையில இருந்து உழுந்துருச்சுங்க. ஆருக்கும் அடியில்லீங்க. கொஞ்சம் எடுத்துக் குடுங்க." வேலைக்குச் சேர்ந்த பத்தாம் நாள் அதை முதல்முறை கேட்டேன். ஆம்புலன்சைக் கூப்பிடுவதா, போலீசைக் கூப்பிடுவதா என்று ஒரு நிமிடம் திணறிய பிறகுதான், விழுந்தது எங்கள் விளையாட்டில் ஓடும் பஸ் என்று உறைத்தது. பெரிய நிம்மதி. அந்த நிம்மதியில் பதிவை மேற்கொண்டு கேட்காமல் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். செய்த தப்புகளில் முதலாவது அது.

எங்கள் அலுவலகம் நாமக்கல்லில், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையின் மாடியில் இருந்தது. கீழே நாளெல்லாம் தகரம் தட்டுவார்கள், மேலே நாங்கள் நாலு பேர் கம்ப்யூட்டரில் தட்டுவோம். கொல்லிமலைச் சாலையில் பஸ் ஓட்டும் கைபேசி விளையாட்டு ஒன்றைத்தான் விற்றுக்கொண்டிருந்தோம். காரவள்ளி அடிவாரத்தில் கிளம்பி, எழுபது கொண்டையூசி வளைவும் ஏறி, மேலே சேர்ந்தால் ஒரு நடை. எங்கும் இடிக்காமல் ஐந்நூறு நடை போனவருக்கு ஒரு பரிசு உண்டு: பஸ்ஸின் நெற்றியில் அவர் விரும்பிய பெயரும், முதுகில் அவர் விரும்பிய வாசகமும் எழுதித் தரப்படும். விளையாட்டை எழுதியவரும் எங்கள் முதலாளியும் ஒருவரே, எல்லோரும் அண்ணன் என்றே கூப்பிடுவோம். விளையாடுகிறவர்களின் புகாருக்குப் பதில் எழுதுவது என் வேலை. அதற்குத் தயார் பதில்கள் கொண்ட தாள் ஒன்றை அண்ணன் கொடுத்திருந்தார். எந்தப் பதிலும் 'தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்றே தொடங்கும். பெரும்பாலும் 'விளையாட்டை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றிப் பாருங்கள்' என்று முடியும்.

விளையாட்டு கைபேசியில் அதிக இடத்தை அடைக்கிறது என்று ஒரு குறை நெடுநாளாக இருந்தது. அதைத் தீர்க்க அண்ணன் ஒரு பேட்ச் போட்டார், ஓடும் விளையாட்டிலேயே போடும் ஒட்டு. வெள்ளிக்கிழமை, நல்ல நேரம் பார்த்து வெளியிட்டுவிட்டு எல்லோருக்கும் பால்கோவாவும் வாங்கிக் கொடுத்தார். அந்த இனிப்பு வாயில் கரைவதற்குள் பஸ்கள் விழத் தொடங்கிவிட்டன. இருபதாவது வளைவு தாண்டியதும் சாலையே இல்லாமல் போய், பஸ் அந்தரத்தில் ஒரு கணம் நின்று, பயணிகளோடு பாதாளத்துக்குப் போனது. ஊரிலுள்ள ஒற்றை நட்சத்திரமெல்லாம் எங்கள் தலையில் கொட்டியது. 'பஞ்சர் கடையில் விட்டிருந்தால் இதைவிட நல்ல பேட்ச் போட்டிருப்பார்கள்' என்று ஒருவர். 'பேளுக்குறிச்சி சந்தைக்குப் போகலாம் என்று ஏறினேன், எமலோகத்தில் இறக்கிவிட்டீர்கள், சில்லறை பாக்கி' என்று இன்னொருவர். எழுத முடியாத வார்த்தைகளும் நிறைய வந்தன. திட்டுவதில் நம்மவர்களுக்கு இருக்கும் கற்பனைவளத்தில் பாதி எங்களுக்கு இருந்திருந்தால் விளையாட்டு எங்கேயோ போயிருக்கும்.

அந்தக் களேபரத்தில்தான், சேவல் கூவும் அந்தப் பதிவை மலையிலிருந்து அனுப்பியிருந்த அக்காவுக்கும் தயார் பதிலை அனுப்பினேன். நீக்கிவிட்டு மறுபடி ஏற்றச் சொன்னேன். மறுநாள் பதில் வந்தது. "நீங்க சொன்னபடியே செஞ்சேனுங்க. இப்பப் பஸ்ஸும் இல்லீங்க, போன நடையும் இல்லீங்க. நானூத்தி எம்பத்தாறு நடை போயிருந்தேன். நெலம் மாமனார் பேருல, ஊடு ஊட்டுக்காரர் பேருல, கறவை மாடுகூட மகன் பேருலதான் கெடக்குது. பஸ்ஸுலயாவது என்ற பேர எழுதிப் பாக்கலாம்னு இருந்தேனுங்க." கோபமே இல்லை, அதுதான் என்னைக் கொன்றது. நடைக்கணக்கு அவரவர் கைபேசியில்தான் இருக்கும், நீக்கினால் அதுவும் போய்விடும் என்பது அண்ணனுக்குத் தெரியும், தாளில் எழுத மறந்துவிட்டார். பதறிப்போய் அக்காவுக்கு இன்னும் இரண்டு தடவை 'சிரமத்துக்கு வருந்துகிறோம்' அனுப்பினேன். வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

அண்ணனிடம் போய் நின்றேன். "ஒருத்தருக்கு நடையைத் திருப்பிக் குடுத்தா ஊருக்கே குடுக்கணும். நானூத்தி எம்பத்தாறுன்னு அந்தம்மா சொல்றதுக்கு என்ன சாட்சி?" என்றார். அவருக்கு வேறு கவலை. அலுவலகத்தில் எத்தனை தடவை ஓட்டியும் ஒரு பஸ்கூட விழவில்லை. விழாத பஸ்ஸை எப்படிச் சரிசெய்வது? அன்று மாலை, குற்ற உணர்ச்சி தாளாமல், அக்காவின் முதல் பதிவை மறுபடி போட்டேன். இந்தத் தடவை கடைசிவரை கேட்டேன். நான் நிறுத்திய இடத்துக்கு அப்புறம் இப்படி இருந்தது: "உங்க மேல தப்பில்லீங்க. தெனமும் காரவள்ளி கோயில்ல பஸ்ஸ நிறுத்தி, கும்புட்டுட்டுத்தான் ஏறுவேன். அன்னைக்கி மொளகு காயப் போட்டிருந்தனா, மழ வர்றாப்புல இருந்துச்சு. அவசரத்துல நிக்காம ஏறிட்டேனுங்க. அதான் சாமி தள்ளி உட்டுருச்சு." அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் யோசித்துப் பார்த்தால், நூற்றுக்கணக்கான திட்டுகளுக்கு நடுவில், விழுவதற்கு முன் தான் என்ன செய்தோம் என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனை வம்படியாகக் கிளப்பிக்கொண்டு மலையேறினேன். நாங்கள் போன பஸ் காரவள்ளியில் நின்றது. டிரைவர் இறங்கிக் கற்பூரம் ஏற்றி, முன்கண்ணாடிக்குத் திருநீறு பூசிவிட்டு வந்தார். கொல்லிமலையில் ஊர்த்தொகுதியை நாடு என்பார்கள். அப்படிக் குண்டனி நாட்டில் அக்காவின் வீடு, சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறிய சரிவை ஒட்டி இருந்தது. நாற்பது வயதிருக்கும், சேலைக்கு மேல் ஆண்சட்டை போட்டிருந்தார். எங்களைக் கண்டதும், "ஏனுங்க, பஸ்ஸு உழுந்ததுக்கு ஆபீஸ்ல இருந்தே வந்துட்டீங்களா? நெச பஸ்ஸு உழுந்தாக்கூட இத்தன சுருக்கா வர மாட்டாங்க" என்று சிரித்தார். அவர் வீட்டில் சிக்னல் கிடைப்பது வாசல் பலாமரத்தடியில் மட்டும், அதுவும் ஒரு கோடு. அங்கே கயிற்றுக்கட்டில் போட்டு உட்கார்ந்து ஓட்டிக் காட்டினார். சந்தைக்குப் போகும்போதெல்லாம் டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து வளைவுகளை மனப்பாடம் செய்தவர். விளையாட்டில் காரவள்ளி கோயில் வந்ததும் பஸ்ஸை நிறுத்தி, கைபேசியை மடியில் வைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டார். பிறகு ஏறினார். பஸ் விழவில்லை.

"ஒரு தடவை நிக்காம ஓட்டிக் காட்டுங்கக்கா" என்றார் அண்ணன்.

"அதெப்படிங்க? தெரிஞ்சே செய்யறதா? ஆவாதுங்க. வேணும்னா நீங்க ஓட்டிக்குங்க."

அண்ணன் வாங்கி, நிற்காமல் ஏறினார். இருபத்திரண்டாவது வளைவில் நேராகப் பாதாளம். அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! மறுபடி நின்று ஏறினார், விழவில்லை. நிற்காமல் ஏறினார், விழுந்தது. மூன்றாம் தடவை தன் தலையில் தானே அடித்துக்கொண்டார். இடத்தை மிச்சம்பிடிக்க, ஒவ்வொரு நடைக்கும் மலைச்சாலையைத் துண்டுதுண்டாக நெட்டிலிருந்து இறக்கி, நடை முடிந்ததும் அழித்துவிடும்படி அவர் பேட்ச் எழுதியிருந்தார். நாமக்கல் வேகத்தில் சாலை உடனே வந்துவிடும். மலையில் ஒரு கோடு சிக்னலில் சாலைக்கு முன்பே பஸ் போய்ச் சேர்ந்துவிடுகிறது. காரவள்ளியில் கும்பிடும் அந்த ஒரு நிமிடத்தில் மேல்சாலை முழுக்க இறங்கிவிடுகிறது. இதை அவர் அக்காவுக்கு விளக்கினார். பொறுமையாகக் கேட்டுவிட்டு அக்கா சொன்னார்: "அதத்தானுங்க நானும் சொன்னேன்."

சாட்சிக் கதையை அண்ணனே மறந்துவிட்டார், நான்தான் மெல்ல எடுத்தேன். அக்கா உள்ளே போய் ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் மிளகு. படியால் மிளகு அளக்கும்போது கணக்குத் தவறாமலிருக்க, படிக்கு ஒரு மணி எடுத்து ஓரமாக வைப்பார்களாம். அதே பழக்கத்தில் நடைக்கு ஒரு மிளகு போட்டு வந்திருக்கிறார். முறத்தில் கொட்டி, பத்துப்பத்தாகப் பிரித்து, நாங்கள் மூன்று பேரும் எண்ணினோம். நானூற்று எண்பத்தேழு வந்தது. ஒன்று கூடுதல். அண்ணன் தாராளமாக, "இருக்கட்டும், எண்பத்தேழாவே வெச்சுக்கலாம்" என்றார். அக்கா ஒரு மிளகை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். "உழுந்த அன்னைக்கி ஏறக்குள்ளயே போட்டுட்டேனுங்க. அது கணக்குல சேராது." அண்ணன் பலாமரத்தடியிலேயே கம்ப்யூட்டரைத் திறந்து நானூற்று எண்பத்தாறை ஏற்றிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் புதுப் பேட்ச் வந்தது. சாலை இறங்கும்வரை பஸ்ஸை எப்படி நிறுத்திவைப்பது என்று அண்ணன் அதிகம் யோசிக்கவில்லை. காரவள்ளியில் எல்லாப் பஸ்ஸும் தானாக நிற்கும், டிரைவர் இறங்கிக் கற்பூரம் ஏற்றுவார், சுடர் அணையும்போது மலை தயாராக இருக்கும். 'நம்ம ஊர் வழக்கத்தை என்ன அழகாகச் சேர்த்திருக்கிறார்கள்' என்று ஐந்து நட்சத்திரம் போட்டார்கள். பஞ்சர் கடைக்காரரோடு எங்களை ஒப்பிட்டவரே, கண் கலங்கியதாக எழுதினார். நாங்கள் எல்லோருக்கும் 'நன்றி' என்று பதில் போட்டோம்.

இப்போது நான் வேறு ஊரில், பெரிய நிறுவனத்தில் இருக்கிறேன். புகார்களுக்குப் பதிலை இயந்திரமே எழுதிவிடுகிறது. சரிபார்ப்பது மட்டும் என் வேலை. அது எழுதும் வருத்தத்தில் பிழையே இருப்பதில்லை. ஆனாலும் ஒவ்வொரு புகாரையும் கடைசி வரிவரை நானே படித்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். தாமதம் என்று மேலாளர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும்.

அக்கா மீதிப் பதினாலு நடையையும் இரண்டே வாரத்தில் முடித்தார். அவர் பெயரை இங்கே எழுதமாட்டேன். ஐந்நூறு நடை ஓட்டி அவர் சம்பாதித்த இடத்தில் அது இருக்கிறது. அந்த விளையாட்டில் மலையேறினால் ஏதாவது ஒரு வளைவில் எதிரே வரும், பெரிய எழுத்தில், மஞ்சள் நிறத்தில். வழிவிட்டு ஒதுங்கி, அது கடந்து போகும்போது பின்பக்கத்தையும் பாருங்கள். 'ஒலி எழுப்பவும்' என்று மற்ற பஸ்களில் இருக்குமே, அந்த இடத்தில் 'தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று எழுதியிருக்கும்.

அதைப் பார்த்துவிட்டு நான் சிரிப்பும் அழுகையுமாகக் குரல்பதிவு அனுப்பியபோது, அவரும் குரல்பதிவில் ஒன்றுதான் பதில் சொன்னார். பழைய கைபேசியில் சேவல் கூவும் பதிவுக்கு அடுத்ததாக அதுவும் இருக்கிறது. "கோவிச்சுக்காத கண்ணு. மூணு தடவ எழுதி அனுப்புனயே, ஒரு தடவயாவது வேலைக்கு ஆவட்டும்னுதான்."