கார் சுற்றிய பக்கம்

வத்தலக்குண்டு பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவருக்குப் பெருவிரல் நகம் கறுத்திருந்தது. சென்னையில் கார் ரேசுக்கு ரோட்டோரம் சிமெண்டுத் தடுப்பு வைத்தபோது நசுங்கியதாம். முன்சீட்டு முதுகில் விரலால் வழி வரைந்தார்.

“தீவுத்திடல், அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம், திரும்பத் தீவுத்திடல். முன்னெல்லாம் ஊருக்கு வெளியதான் ரேசு. இந்தத் தடவதான் பஸ் போற ரோட்டுலயே விட்டாங்க. முந்தின நாளே எங்கள அனுப்பிட்டாங்கப்பு. காரு இப்பிடி வலமாச் சுத்துச்சா, அப்பிடி இடமாச் சுத்துச்சா?”

“நான் பாக்கலண்ணே. போன்ல பாக்கலாம்ல?”

“இது பட்டன் போனு.”

“என்னுதும் அதேதான். வீட்ல யாரயாச்சும் பாக்கச் சொல்லுங்க.”

“வீட்ல நானும் சுவத்துப் பல்லியும்தான்.”

சிரித்துக்கொண்டே செம்பட்டியில் இறங்கிவிட்டார்.

மறுநாள் டீக்கடையில் ஒருவர் போனில் அந்த ரேசைப் பார்த்தேன். எந்தப் பக்கம் சுற்றியது என்று இப்போது எனக்குத் தெரியும். கேட்ட ஆளைத்தான் இன்னும் காணோம்.