கால்சட்டை போட்ட அனுமார்

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பழைய டிவி, போன் விற்கும் கடையொன்றிலிருந்து என் வீட்டுக்காரர் ஒரு வீடியோ கேம் பெட்டியும் அதோடு ஒரேயொரு டிஸ்க்கும் வாங்கி வந்தார். ஓட்டோ ஓட்டுகிறவர், சாயந்தரம் காலை நீட்டி உட்கார்ந்து விளையாட வேண்டும் என்று வெகுநாள் ஆசை. டிஸ்க் உறையில் ஒரு குரங்கு, வால் சுருண்டு மேலே நிற்க, தோளில் கதாயுதம் சாய்த்து நின்றது. எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் சாமி படத்துக்கு முன்னால் வைத்துப் பொட்டு வைப்போம். ஃபிரிட்ஜுக்கும் வைத்தோம், ஓட்டோவுக்கும் வைத்தோம். இதற்கும் சந்தனம், குங்குமம் வைத்தார்.

"அனுமார் கேம் புள்ள. சனிக்கிழமையா பாத்து கிடைச்சிருக்கு" என்றார்.

போட்டுப் பார்த்தால் அனுமார் பூப்போட்ட கால்சட்டையில் வந்தார். கதாயுதம் என்று நினைத்தது மரச் சுத்தியல்.

குதிக்க வேண்டும், தேங்காய் பொறுக்க வேண்டும், ஆமையைச் சுத்தியலால் தட்ட வேண்டும், கடைசியில் ஒரு முதலை. முதலை விழுந்தால் அடுத்த ஊர். அங்கேயும் குதி, பொறுக்கு, தட்டு, அதே முதலை. காடு முடிந்து பனி வந்தது, பனி முடிந்து பாலைவனம். பெயிண்ட் மாற்றி அடித்திருந்தார்கள், அவ்வளவுதான்.

சில நாளிலேயே இவர் கையை உதறிவிட்டார். "கட்டுகஸ்தோட்டைக்கும் கண்டிக்கும் ஹயர் ஓடுறதே இதவிட மேல். அதுல ஆளாவது மாறும்." உறையிலிருந்த பொட்டையும் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துத் துடைத்துவிட்டார்.

கம்பளையிலிருந்து வந்திருந்த நாத்தனாரும் ஆடிப் பார்த்தாள். "ஒரே கல்யாண வீட்டுக்கு சேலைய மட்டும் மாத்திக் கட்டிக்கிட்டு திரும்பத் திரும்பப் போற மாதிரி இருக்கு அண்ணி." மனிதர் வாயில் இப்படி வந்து விழுவதையெல்லாம் நான் சேர்த்து வைப்பேன். பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட இதில் படித்ததுதான் எனக்கு அதிகம்.

அப்போது என் வலது கைக்குக் கட்டுப் பிரித்திருந்த நேரம். மழையில் வாசற்படியில் வழுக்கி மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடிய பிறகும் பெருவிரல் விறகுக் குச்சி மாதிரி நின்றது. நான் வீட்டில் தையல் வேலை செய்கிறவள். மெஷின் மோட்டாரில் ஓடிவிடும், துணி வெட்டப் பெருவிரல் வேண்டும். ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித்தரும் மிஸ் ஒரு ஸ்பொஞ்ச் பந்தைத் தந்து, "அமத்திக்கிட்டே இருங்க. விட்டா அப்படியே இறுகிரும்" என்றார். பந்தை அமத்த அமத்த எனக்கு அழுகைதான் வந்தது. அது எப்போதோ அலுமாரிக்கு அடியில் போய்விட்டது.

தீபாவளி நெருங்கியது. பக்கத்து வீட்டு டீச்சரின் ஜாக்கெட் துணி என்னிடம் வெட்டாமல் கிடந்தது. "ஞாயித்துக்கிழம வருவேன். முடியாட்டி சொல்லிருங்க, டவுன்ல குடுத்துக்கிறேன்" என்று நல்லவிதமாகத்தான் சொன்னார். ஆனால் டீச்சர் போனால், அவர் ஜாக்கெட்டைப் பார்த்து என்னிடம் வரும் மற்ற டீச்சர்மாரும் போய்விடுவார்கள்.

மறுநாள் தூசி தட்டும்போதுதான் கவனித்தேன், அந்தக் கேம் ரிமோட்டில் குதிக்கிற பொத்தான் வலது பெருவிரலுக்கு நேரே இருந்தது. கேமைப் போட்டேன். அமத்தினேன். குரங்கு மெதுவாக ஒரு துள்ளு துள்ளியது. இன்னொரு தடவை அமத்தினேன்.

கல்யாணத்துக்கு முன் ஹுன்னஸ்கிரிய மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்தவள் நான். செடி வரிசையில் நிரை பிடித்து இறங்கினால் முன்னால் நிற்கும் செடியைத்தான் பார்க்க வேண்டும். மலையைப் பார்த்தால் கை ஓடாது. இந்தக் கேமும் அப்படித்தான். ஆமை எப்போதும் அதே இடத்தில் வரும், அவசரப்படுத்தாது. ஒரு ஊர் ஒரு நிரை என்று வைத்துக்கொண்டேன். நிரை முடிந்தால் சுடுதண்ணீரில் கை, பிறகு அடுத்த நிரை. பாலைவனத்துக்கு வரும்போது வலி குறைந்திருந்தது.

"அந்தக் கருமத்தயா ஆடுற? சலிக்கலயா புள்ள?" என்றார் இவர்.

"கொழுந்து எடுத்த கைக்கு என்னங்க சலிப்பு."

ஞாயிற்றுக்கிழமை கடைசி ஊரில் நின்றேன். அதே முதலை, தலையில் கிரீடம் மட்டும் புதிது. நாத்தனார் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். இவர் ஓட்டோச் சாவியோடு நின்றார். அந்த நேரம் பார்த்து டீச்சர் குடையோடு வாசலில்.

"கொஞ்சம் உக்காருங்க டீச்சர், முதல சாகப் போகுது" என்றாள் நாத்தனார்.

டீச்சரும் உட்கார்ந்துவிட்டார். கிரீடம் விழும்வரை நிறுத்தாமல் தட்ட வேண்டியிருந்தது. தட்டினேன். பெருவிரல் கணு மடங்கி மடங்கி நிமிர்ந்தது, என் கண் முன்னாலேயே. முதலை கவிழ்ந்தது. குரங்கு கை தட்டியது, ஒரு மூட்டை தேங்காய் கொட்டியது, மறுபடி முதல் காடு வந்து நின்றது.

"இவ்வளவுதானா?" என்றார் இவர்.

"பிரியாணின்னு கூப்பிட்டு பிளேன்டீ குடுத்து அனுப்பிட்டானுங்க" என்றாள் நாத்தனார்.

நான் டீச்சரின் துணியை மேசையில் விரித்துக் கோடு போட்டேன். கத்திரிக்கோலுக்குள் பெருவிரல் நுழைந்தது, மடங்கியது. கழுத்து வளைவிலிருந்து கை வளைவு வரை நிறுத்தாமல் வெட்டிக்கொண்டு போனேன். வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு எவ்வளவு காலமாயிற்று.

"டவுனுக்குப் போகத் தேவையில்ல போல" என்றார் டீச்சர்.

"அளவு பழைய அளவுதானே டீச்சர்?"

"தீபாவளி வருதில்ல, கொஞ்சம் கூட்டியே வைங்க."

அந்த வருஷத் தீபாவளித் துணி முழுக்க நானே வெட்டினேன். அன்று டீச்சர் போன பிறகு இவர் சாமி படத்துக்கு முன்னாலிருந்த குங்குமத்தைத் தொட்டு, டிஸ்க் உறையிலிருந்த குரங்கின் நெற்றியில் மறுபடியும் வைத்தார்.

"கால்சட்ட போட்டா என்ன இப்ப" என்றார்.